நஸ்ஹாவின் பஸ் காசு

என் மகள் நஸ்ஹா மட்டக்களப்பில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு மூவாயிரத்து நானூற்று இருபது ரூபாய் கடன்பட்டிருந்தாள். மூன்று போட், ஒரு லொறி, கருவாடு காயப்போட அரை ஏக்கர் மணல், எல்லாம் சொந்தமாக உள்ள இந்தப் பதுர்தீனின் மகள். ஊரில் வேறு யாராவது சொல்லிக் கேட்பதை விட நானே முதலில் எழுதிவிடுவது மரியாதை.

நான் கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில் பிறந்தவன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொல்லமாட்டேன், கடலுக்குப் போக முடியாத நாட்களில் மட்டும் போனேன். ஆனால் ஒரு கூடை கட்டா மீனைக் கண்ணால் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்வேன். தராசு வந்து எனக்குச் சாட்சி சொல்லும். வாப்பா விட்டுப் போனது கிழிந்த வலை ஒன்று. மீதி எல்லாம் இந்த இரண்டு கையாலும் வந்தது. இந்த எழுத்தில் பிழைகளை நஸ்ஹா திருத்தியிருக்கிறாள். கதையைத் திருத்த நான் விடவில்லை.

பன்னிரண்டு வயதில் நான் வாடிக்குப் போனேன். சோழகக் காற்று கிளம்பினால் எங்கள் பக்கத்துக் கடல் கொதிக்கும். அந்த நாலைந்து மாதமும் வலையைக் கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், மணலில் ஓலைக் கொட்டில் போட்டு, அங்கேயே கிடந்து மீன் பிடிப்பார்கள். அதுதான் வாடி. எங்கள் வாடி வாகரைப் பக்கம் இருந்தது. முதலாளி கில்பட், சிலாபத்துக்காரர். தமிழில் ஏசத் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார்.

அந்த வாடியில் ஒரு சட்டம் இருந்தது. புதிதாக வந்த பொடியனுக்கு நாற்பது நாள் முடியும் வரை காசு கொடுப்பதில்லை.

"தின்னக் குடு, உடுக்கக் குடு, பீடி கேட்டாலும் குடு," என்பார் கில்பட். "காச மட்டும் கையில குடுக்காத. பஸ் காசு பட்டா அவன் கடலுக்கு இறங்கமாட்டான், வீட்டுக்கு ஓடிருவான். நாப்பது நாள் போகட்டும். பிறகு நீ போ எண்டாலும் போகமாட்டான்."

நான் அந்த நாற்பது நாளையும் தாண்டினேன். என்னோடு வந்த இரண்டு பேர் நடந்தே ஓடிப் போய் வழியில் பிடிபட்டார்கள். நான் ஓடவில்லை. இதைக் கல்யாண வீடுகளிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பிறகு நான் முதலாளியான போது என் போட்டுக்கு வந்த பொடியன்மாருக்கும் அதே சட்டம்தான். அவர்களில் ஐந்து பேர் இன்று சொந்தப் போட் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் கதிரையில் உட்கார இன்றும் கூச்சப்படுவார்கள்.

நஸ்ஹா என் நாலு பிள்ளைகளில் கடைசி. மூத்த மூன்றும் ஆண், இரண்டு பேர் கடலில், ஒருவன் கட்டாரில். இவள் மட்டும் புத்தகத்தோடு கிடந்தாள். போன வருஷம் பல்கலைக்கழகம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். கற்பிட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பெப்ரவரியில் வேன் பிடித்துக் கொண்டுபோய் விட்டோம். மட்டக்களப்பில் ஹவ்வா உம்மா என்ற விதவையின் வீட்டில் போடிங். சாப்பாட்டோடு ஆறு மாதக் காசையும் முன்னுக்கே கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. பதுர்தீன் ரசீது கேட்கிற ஆளில்லை.

அடுத்த நாளே போன் வரத் தொடங்கியது. தினமும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு வரும். என் பெண்சாதி ஸக்கியா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டியபடி போனைச் சத்தமாகப் போட்டு வைப்பாள். நான் உப்பு மூட்டைகளை எண்ணுகிற மாதிரிப் பக்கத்தில் நிற்பேன். அந்த மூட்டைகள் எட்டுத்தான். அரை மணித்தியாலம் எண்ணுவேன்.

"உம்மா, இஞ்ச சோறு வேற மாதிரி இரிக்கி."

"என்ன மாதிரி மகள்?"

"வேற மாதிரி."

அவ்வளவுதான். பிறகு அழுகைதான் கேட்கும். எங்கள் பூனை எங்கே படுக்கிறது என்று கேட்பாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்பாள். காற்றைப் பற்றி அந்தப் பிள்ளை வீட்டில் இருந்தபோது ஒரு நாளும் கேட்டதில்லை.

"என்னவாம்?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"வீட்டுக்கு வரணுமாம்."

"போய் எத்தின நாள்?"

"ஆறு."

"இன்னும் முப்பத்தி நாலு," என்றேன்.

ஸக்கியா கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். "இஞ்ச பாருங்க, அவ படிக்கப் போனவ. உங்கட போட்டுக்கு வந்த பொடியனில்ல."

எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். உள்ளுக்குள் எனக்கு இருந்த பயம் வேறு. இவள் ஒரு தரம் ஓடி வந்துவிட்டால் திரும்பப் போகமாட்டாள். படிப்பு போய்விடும். அந்தக் காலத்து என்னைப் போல இன்னொரு ஆளின் மீனை நிறுத்துக்கொண்டு வாழ்கிற மனுசனுக்குத்தான் கட்டிக் கொடுக்க வேண்டிவரும். ஆகவே சட்டத்தைப் போட்டேன். சாமான் எவ்வளவு வேண்டுமானாலும் போகும், காசு மட்டும் போகாது.

புத்தளத்திலிருந்து வாரம் ஒரு தரம் மட்டக்களப்புக்கு உப்பு ஏற்றிப் போகும் ஹுனைஸின் லொறியில் பெட்டி அனுப்பினேன். பால்மா, பிஸ்கட், சவர்க்காரம், பொரித்த கருவாட்டுச் சம்பல், குடை. குடை இரண்டு. போனுக்குக் காசு கூட நானே இங்கிருந்து போட்டுவிடுவேன். ஒரு தரம் பெட்டியைக் கட்டும்போது பால்மா டின் மூடி சரியாக இல்லை என்று திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டாயிரம் ரூபாய் மடித்து வைத்திருந்தது. ஸக்கியாவின் வேலை. எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். மூடியை இறுக்கி மூடிப் பெட்டியைக் கட்டினேன்.

நஸ்ஹா ஒரே ஒரு தரம் என்னிடம் காசு கேட்டாள்.

"வாப்பா, நோட்ஸ் கொப்பி அடிக்கணும். கொஞ்சம் காசு அனுப்புங்களே."

"பேப்பர ஹுனைஸ்ட குடுத்து அனுப்பு மகள். நான் கற்பிட்டில அடிச்சு அடுத்த கிழம அனுப்புறன்."

"சரி வாப்பா," என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் அதை வெற்றி என்று நினைத்தேன்.

மூன்றாம் கிழமையிலிருந்து அஸர் நேரத்துப் போன் நின்றது. இரவில் எடுத்து, "படிக்கிறன் உம்மா, பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிடுவாள். அழுகையும் இல்லை. பார்த்தாயா, பிள்ளை பழகிவிட்டாள் என்றேன். ஸக்கியா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் பின்னேரம் ஸக்கியாவே நஸ்ஹாவுக்குப் போன் எடுத்தாள். ஒரு நிமிஷம் கூடக் கதைக்கவில்லை. வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பின்னால மெஷின் ஓடுது. கர்ர் கர்ர் எண்டு. யாரோ ஒரு பொம்புள, நஸ்ஹா, இந்தக் கட்டையும் முடிச்சுத் தா எண்டு சொல்றா. எங்கட புள்ள கார்மென்ட்ல வேலை செய்றாளா?"

"பைத்தியமா உனக்கு?"

"போய்ப் பாருங்க. என்ட புள்ளயக் கூட்டிட்டு வாங்க. பட்டம் கிடக்கட்டும்."

முப்பத்தோராம் நாள். கடல் நன்றாக இருந்த நேரம், மூன்று போட்டும் நிறைய மீனோடு வரும் நேரம். விட்டுவிட்டு ஹுனைஸின் லொறியில் உப்பு மூட்டைகளுக்கு முன்னால் ஏறினேன். பாதி வழி, ஹபரணை வரை நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்று ஹுனைஸ் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான். அவன் சொல்வது சரி.

ஹவ்வா உம்மா என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தியில் உள்ள கொப்பிக் கடையைக் காட்டினார். மூன்று மணியிலிருந்து ஆறு வரைக்கும் மகள் அங்கேதான் என்றார். "நான் நினைச்சன், நீங்கதான் விட்டிருக்கீங்களாக்கும் எண்டு."

சின்னக் கடை. இரண்டு மெஷின். நஸ்ஹா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர்க் கட்டுகளை அடுக்கி ஊசி அடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கடைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். பிறகுதான் பெயர் தெரிந்தது, அனஸ்தாசியா.

"என்ன காக்கா, கொப்பியா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"நான் நஸ்ஹாட வாப்பா."

நஸ்ஹா திரும்பினாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த கட்டுக்கு ஊசி அடித்து முடித்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். வேலையை நடுவில் விடாதது என் குணம்.

அனஸ்தாசியா எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "புள்ள கொப்பி அடிச்சு மூவாயிரத்து நானூத்தி இருவது ரூபா நிண்டது. நான் கேக்கவே இல்ல காக்கா. அவவே வந்து, காசில்ல, வேலை செஞ்சு கழிக்கிறன் எண்டா. இப்ப தொள்ளாயிரம்தான் மிச்சம். நல்ல கை. என்ட மகனையும் இப்படி வளத்திருந்தா நான் ரெண்டு கடை போட்டிருப்பன்."

நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். நஸ்ஹா என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் வாப்பா. அது என்ட கணக்கு."

எத்தனையோ மீன் முதலாளிமார் என்னோடு பேரம் பேசித் தோற்றிருக்கிறார்கள். என் மகளிடம் அந்த இடத்தில் வெறுங்கையை வெளியே எடுத்தேன்.

கடைக்கு வெளியே ஒரு வாங்கு கிடந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தோம்.

"உம்மா உன்னக் கூட்டி வரச் சொன்னா," என்றேன். "ஹுனைஸ் விடியக்காலைல திரும்புறான். உடுப்பக் கட்டு. போவம்."

அவள் அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை டெஸ்ட் இரிக்கி," என்றாள்.

"அப்ப வரல்லயா?"

"வர ஆசதான். ஒவ்வொரு நாளும் ஆசதான்." கொஞ்சம் யோசித்தாள். "வாப்பா, போறதுக்குக் காசு கையில இரிந்தா, இண்டைக்கு இரிந்துட்டு நாளைக்குப் போவம் எண்டு நினைப்பன். நாளைக்கும் அப்படித்தான் நினைப்பன். அப்படியே நாள் போயிரும். காசில்லாத நேரம் வீடு மட்டும்தான் கண்ணுக்குள்ள நிக்கிது. பாடம் ஏறுதில்ல."

இனி எழுதப் போவதை அந்த நாள் வரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஸக்கியாவுக்கும் தெரியாது. வாடியில் நாற்பது நாளும் என்னிடம் காசு இருந்தது. என் உம்மா என் நல்ல சாரத்தின் ஓரத்தில் பத்து ரூபாய்த் தாள் ஒன்றைச் சீலைத் துண்டில் சுற்றி வைத்துத் தைத்துவிட்டிருந்தார். அந்தக் காலத்தில் வாகரையிலிருந்து வீடு வந்து சேரப் போதுமான காசு. அந்தச் சாரத்தை நான் உடுக்கவேயில்லை. மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுப்பேன், தையலை விரலால் தடவிப் பார்ப்பேன், நாளைக்குப் போவோம் என்று தூங்குவேன். சீசன் முடிந்து வந்தபோதும் தையல் பிரியாமல் இருந்தது.

அதை அவளிடம் சொன்னேன்.

நஸ்ஹா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். "அப்ப கல்யாண வீட்டுல எல்லாம் எங்களுக்குக் கள்ளம்தான் விட்டிருக்கீங்க."

"ஓம்."

"கில்பட் முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பிரிச்சு எடுத்திருப்பான்."

சொன்ன பிறகுதான் அந்தப் பால்மா டின் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு பையிலிருந்து பத்தாயிரத்தை எடுத்து நீட்டினேன். "மாசா மாசம் இது வரும். பேங்க்ல போடுறன்."

அதை வாங்கிப் புத்தகப் பைக்குள் வைத்தாள். "இது செலவுக்கு. செலவுக்குத் தந்தா செலவாயிரும். வீட்டுக்கு வாற காச வேறயாத் தாங்க."

"எவ்வளவு?"

"ஆயிரத்து அறுநூத்தி ஐம்பது." ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "இஞ்ச இருந்து அநுராதபுரம். அங்க இருந்து புத்தளம். புத்தளத்துல இருந்து கற்பிட்டி பஸ்ஸில எங்கட சந்தி வரைக்கும்."

முப்பத்தொரு நாளாக இந்தப் பிள்ளை அந்தக் கணக்கை எத்தனை தரம் கூட்டியிருப்பாள்.

"ரெண்டாயிரமா வெச்சிக்க மகள்."

"வேணாம். சரியாத் தாங்க. மிச்சம் இரிந்தா சாப்பிட்டுருவன்."

கையை விரித்து நீட்டினாள். விரல்களில் மெஷின் கரி படிந்திருந்தது. லொறிக்காரனுக்கும் ஐஸ்காரனுக்கும் எண்ணிக் கொடுக்கிற கைதான் எனக்கு, வேகமான கை. அன்று மெதுவாகத்தான் வந்தது. ஐந்நூறு வைத்தேன். அதன் மேல் இன்னொரு ஐந்நூறு. மூன்றாவது ஐந்நூறு. நூறு ரூபாய்த் தாள் ஒன்று. கசங்கியிருந்த ஐம்பது ரூபாயை என் தொடையில் வைத்து நீவி நேராக்கி, கடைசியாக அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன்.