நான்கு எல்லை

படுக்குமுன் அழகுமலை அண்ணன் தன் கட்டிலின் நான்கு ஓரங்களையும் உள்ளங்கையால் தடவுவார். தடவியபடியே வாய்க்குள் சொல்வார்: "மீராசா கட்டிலுக்குக் கிழக்கு, ஏசிக்குத் தெற்கு, தம்பி கட்டிலுக்கு மேற்கு, நடைபாதைக்கு வடக்கு. இதற்குள்பட்டது." அதன் பிறகுதான் காலை நீட்டுவார்.

"அண்ணே, எங் கட்டிலையும் சேத்து எழுதிராதீரு" என்பான் மீராசா.

"அதுல மூட்டப்பூச்சி குடியிருக்குப்பா. காலி பண்ண கோர்ட்டுக்குல்ல போகணும்."

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அனுப்பும் குவாரி; அதன் கேம்ப்பில்தான் எங்கள் அறை. அவர் பாறையில் துளை போட்டார். நான் ஆபீஸில் டூட்டி நேரம் எழுதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊரில் தன் குடும்பத்துக்கு இருந்த நிலத்தின் பழைய பட்டா நகலைக் காட்டினார். விக்டோரியா ராணி காலத்தில் சேரி ஜனங்களுக்கென்று சர்க்கார் கொடுத்த பஞ்சமி நிலம். முப்பாட்டன் பெயர். புஞ்சை ஒரு ஏக்கர் எழுபது சென்ட், தீர்வை ஒரு ரூபாய் ஆறணா. கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே கிணறு, தெற்கே ஒற்றைப் பனை. வேறு சாதியார் வாங்க முடியாத நிலம். ஆனாலும் அவர் அப்பா காலத்திலேயே மேலத்தெருக்காரர் ஒருவர் வேலி போட்டுவிட்டார். நகல் கையில் கிடைத்த பிறகு அண்ணன் மனு கொடுத்திருந்தார்.

2006 மே மாதம் விசாரணை. நேரில் வரச்சொல்லி நோட்டீஸ். லீவு கேட்டதற்கு ஃபோர்மேன் இல்லையென்று தலையாட்டினார்: "மாஃபி லீவ், பாய். அடுத்த வருஷம்."

"நெலம் அடுத்த வருசமும் அங்கனதான் கெடக்கும். கேசு கெடக்காது தம்பி" என்றார் அண்ணன் என்னிடம்.

வேலையைக் கேன்சல் செய்துகொண்டார். கிளம்பும் அன்று ஊரிலிருந்து அவர் மனைவி வடிவு அக்கா போனில் வராதீங்க, வராதீங்க என்று அழுதது எனக்கே கேட்டது.

"வேல போகுதேன்னு பயப்படுறா" என்று சிரித்தார். நகலைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

பல மாதம் தகவலே இல்லை. நானே கூப்பிட்டேன். அக்கா எடுத்தார்.

"ஜெயிச்சாச்சு தம்பி. நெலம் நம்ம பேருதான்னு ஆர்டிஓ எழுதிக் குடுத்துட்டாக."

"அண்ணன் எங்கக்கா?"

"பள்ளத்தோரம் உக்காந்திருப்பாரு. சோத்துக்குக் கூப்பிட்டாலும் வர்றதில்ல."

எந்தப் பள்ளம் என்று கேட்டேன். அண்ணன் இங்கே இருந்தபோதே, இரண்டு வருடத்துக்கு முன், மேலத்தெருக்காரர் அந்த நிலத்தைச் சுண்ணாம்புக்கல் எடுக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். கிணறும் பனையும் அதோடு போய்விட்டன.

"எனக்குத் தெரியும் தம்பி. அங்க கல்லு ஒடைக்கிற மனுசங்கிட்ட, இங்கயும் ஒடைச்சிட்டாகன்னு எப்படிச் சொல்லுவேன்?"