கழுதைச் சிலையும் காலி அறையும்

தவக்காலத்தில் எங்கள் ராயபுரம் பங்குக் கோயிலில் வெளியூரிலிருந்து யாரையாவது பேசக் கூப்பிடுவார்கள். போன வருஷம் வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஏற்பாடு செய்தது என் சித்தப்பா. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்துக்குத் தலைவர். நான் கல்லூரியில் பண்டைய வரலாறு நடத்துகிறவள் என்பதால், "நீ முன்னாடி வந்து குந்து" என்று முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

தலைப்பு, ரோமர்கள் முதல் நூற்றாண்டில் யூதர்களின் எருசலேம் கோவிலை அழித்தது. முற்றுகையையும் பஞ்சத்தையும் அவர் நன்றாகவே சொன்னார். பின்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"யூதர்களுக்கு அது வரவேண்டியதுதான்" என்றார். "நான் சொல்லலை. ஒரு ரோம வரலாற்றாசிரியரே எழுதியிருக்கார். மனுஷங்களையே வெறுக்கிற ஜனம். ஏழு நாளைக்கு ஒரு நாள் சோம்பேறியா கெடப்பாங்க. கோவிலுக்குள்ள கழுதைச் சிலை வெச்சுக் கும்பிட்டாங்க. பொய் சொல்ல அவருக்கு என்ன அவசியம்?"

கழுதைக்குக் கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சோம்பேறி என்ற வார்த்தைதான் சுட்டது.

என் தம்பி கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை வாராந்திர லீவு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, தெருமுனையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவனை ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துப்போனார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வடசென்னையில் ரவுடிகள் எப்படி உருவாகிறார்கள் என்ற கட்டுரைக்கு நடுவில் அந்தப் படம் வந்தது. கீழே, வேலைவெட்டி இல்லாத இளைஞர்கள் என்று போட்டிருந்தார்கள். தாம்பரம் பக்கம் அவனுக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் ஓய்வெடுத்த ஒரே நாளைப் பார்த்துவிட்டு அவனைச் சோம்பேறி என்று எழுதியவனை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. பொய் சொல்ல அந்தப் பத்திரிகைக்காரனுக்கு மட்டும் என்ன அவசியம் இருந்தது?

எழுந்து நின்றேன்.

"ஐயா, அந்த ரோமர் யூதர்கள் நடுவுல வாழ்ந்தவரா?"

"அது முக்கியமில்லம்மா."

"அதுதான் முக்கியம். யூதர்களைப் பிடிக்காதவங்க காலங்காலமா கிளப்பிவிட்ட கதையை அவர் வாங்கி எழுதினார். கோவிலுக்குள்ள கழுதைச் சிலைன்னு சொன்னவர், கொஞ்சம் தள்ளி அதே புத்தகத்துல, ரோமத் தளபதி ஒருத்தர் உள்ளே நுழைஞ்சு பார்த்தப்ப அறை காலியா இருந்துச்சு, ஒரு சிலையும் இல்லைன்னு எழுதறார். அதை ஏன் நீங்க இவங்களுக்குச் சொல்லலை?"

அவர் சிரித்தார், சிறுபிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "சரி, ரோமரை விடு. யூதர் ஒருத்தரே அந்தப் போரைப் பத்தி எழுதியிருக்காரே? அவரையும் நம்பமாட்டியா?"

"பார்த்துத்தான் நம்புவேன். ரோமரோட சண்டை போட்ட தளபதி, அப்புறம் அவங்ககிட்டயே சரணடைஞ்சு அவங்க தயவுல வாழ்ந்தவர். கோவிலைக் கொளுத்தறதுல, படையை நடத்தின ரோம இளவரசருக்கு இஷ்டமே இல்லைன்னு அவர் எழுதினா, சோறு போட்டவங்களுக்காக எழுதறாரோன்னு சந்தேகப்படுவேன். மதில் எங்கே இருந்துச்சு, கோவில் எப்படி இருந்துச்சுன்னு சொன்னா காது குடுத்துக் கேப்பேன். அதுல அவருக்கு லாபமில்லை. அவரை விட்டா அந்த ஜனத்தோட கதையை அவ்வளவு விரிவா சொல்ல வேற ஆளும் இல்லை."

"அவரேதான் இயேசுவை மெசியான்னு எழுதியிருக்கார்!" என்று அவர் குரலை உயர்த்தினார்.

"அந்தப் பகுதியில பின்னால நகலெடுத்த கிறிஸ்தவங்க கை பட்டிருக்குன்னு ஆராய்ச்சி செய்யறவங்கள்ல பெரும்பாலானவங்க சொல்றாங்க ஐயா."

அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவர், "கோயிலாண்ட வந்து இன்னா பேச்சு பேசுது பாரு!" என்று கத்தினார். சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். பேராசிரியர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெபத்துக்கு நடுவில் யார் மறுத்துப் பேச முடியும்?

வீட்டுக்கு நடக்கும்போது சித்தப்பா வாயைத் திறந்தார். "நம்ம கூப்ட்டு வந்த ஆளு. அவர் மானத்த வாங்கிட்டியேம்மா."

"அவர் ஒரு ஜனத்தோட மானத்தையே வாங்கினாரே சித்தப்பா? நம்ம ஆண்டவரும் மாதாவும் அந்த ஜனம்தானே?"

"அது எனக்குந் தெரியும். ஆனா எல்லாத்தையும் சந்தேகப்பட்டா இன்னாத்ததான் நம்புறது?"

"யார் சொல்றாங்க, யாரோட சோத்தைத் தின்னுட்டுச் சொல்றாங்கன்னு பார்த்துட்டு நம்பணும்."

அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்து போனார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பேச்சின் வீடியோ பங்கின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. கழுதை இருந்தது, சிரிப்பு இருந்தது. நான் எழுந்து நிற்கிறேன், அந்த முதல் கேள்வியைக் கேட்கிறேன், உடனே ஜெபம். கீழே, சகோதரி ஒருவரின் சந்தேகத்துக்கு ஐயா தக்க பதில் அளித்தார் என்று எழுதியிருந்தார்கள்.

வீடியோ எடுத்தவருக்குப் போன் செய்தேன். "நான் பேசினதெல்லாம் எங்கே?"

"வீடியோ ரொம்ப லெங்த்தா பூட்ச்சுக்கா. அதான் கட் பண்ணேன்."

"பதில் அளித்தார்னு போட்டிருக்கியே, என்ன பதில் அளிச்சார்?"

"அது நம்ம பங்கு ஃபாதர் போடச் சொன்னாருக்கா. என்னாண்ட கேட்டா?"

வெட்டியெறிந்த ஒவ்வொரு வாக்கியத்தையும், கழுதையிலிருந்து காலி அறை வரைக்கும், குரூப்பிலேயே தட்டச்சு செய்து போட்டேன். முதல் ஆளாக, சித்தப்பா ஒரு கட்டைவிரலைப் போட்டார். நான் நம்பமுடியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.