பள்ளிக்கூட வாசலில் ஓர் உத்தியோகத்தர்

என் வீட்டுக்காரர் அரசாங்க உத்தியோகத்தர். வீட்டிலிருக்கும் பெண்களை வேலைக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய வேலை. என்னைத் தவிர மற்ற எல்லோரையும் கொண்டுவரப் பாடுபட்டார், பாவம்.

அதற்காக அவர் வைக்கும் கூட்டங்களுக்கு முதல் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்ப்பார். "பெண்கள் உழைத்தால்தான் நாடு நிமிரும். வீட்டுப் பொறுப்பைக் கணவன்மாரும் பங்கிட வேண்டும்." எனக்கு மனப்பாடம். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதற்குச் சேர்ட்டை அயன் பண்ணிக் கொடுத்து அனுப்பினது நான். பின்னேரம் கந்தோரிலிருந்து வந்ததும் கதிரையில் விழுந்து ஒரே முறைப்பாடுதான்.

"சனமே வரேல்ல. எங்கட பொம்பிளையளுக்கு ஆர்வமில்லையப்பா."

கேட்டுக் கேட்டு எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. உப்புவெளியில் ஒரு விடுதியில் கணக்குப் பார்க்க ஆள் தேடினார்கள். போனேன். கல்யாணத்துக்கு முதல் படித்த கணக்கியல் துருப்பிடித்திருக்குமோ என்று பயந்தேன், இல்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

இவரும் சந்தோஷப்பட்டார். தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும்.

"அப்ப ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டா மகளை ஆர் ஏத்திக்கொண்டு வாறது?"

"நீங்கள்தான். பள்ளிக்கூடம் உங்கட கந்தோருக்குப் பக்கத்திலதானே!"

"எனக்கு ஏலாதப்பா. கூட்டமெல்லாம் ஒரு மணிக்குத்தான் வைக்கிறது. மகள் கொஞ்சம் வளரட்டும், பிறகு பாரும்."

மகள் வளரும் வரை அந்தக் கணக்குக் கதிரையைத் துடைத்து வைத்திருக்க விடுதிக்காரர் என்ன எனக்கு மாமனா மச்சானா? கோபம் உச்சிக்கு ஏறியது. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, அவர் மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "வீட்டுப் பொறுப்பைக் கணவன்மாரும்…" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சரி, சரி, போதும். ஒரு கிழமை பாப்பம்," என்றார்.

திங்கட்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்தேன். மகள் சாப்பிட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். இவர்தான் சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்து கிடந்தார்.

"என்னப்பா நடந்தது?"

"வாசலில என்னைக் கண்டதும் தாய்மார் எல்லாரும் கேக்கினம், மனிசிக்குச் சுகமில்லையோ எண்டு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன சொன்னீங்கள்?"

"வேலைக்குப் போறா எண்டன். உடன சுத்தி வந்திட்டினம், சேர், எங்களுக்கும் ஒண்டு பாத்துத் தாங்கோ எண்டு. எனக்குக் கோவம் வந்திட்டுது. அப்ப ஏன் ஒருத்தரும் கூட்டத்துக்கு வரேல்ல எண்டு கேட்டன்."

"அதுக்கு?"

தலையைச் சொறிந்தார்.

"நீங்கள் கூட்டம் வைக்கிற நேரம் நாங்கள் இஞ்சதானே நிக்கிறம், சேர் எண்டினம்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாளாக நானும் அதே வாசலில்தான் நின்றிருந்தேன். எனக்குக்கூட அது தோன்றவில்லை.

"நாளைக்கு மகளை ஆர் ஏத்திறது?" என்று கேட்டேன்.

"நான்தான். கூட்டத்தைக் காலமைக்கு மாத்திப்போட்டு வந்தனான்."