பூச்சாடிகள் நின்ற முற்றம்

ஒரு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அதை வரைந்தவருக்கா, சொந்தக்காரருக்கா, இன்று அதன் கூரையின் கீழ் உறங்குபவருக்கா? தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் ஒரு ஞாயிறு காலை, அரியாலையில் இந்தக் கேள்வி என் முன்னே வந்து நின்றது.

பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து வராத போர்க்காலம். புதிதாக வீடு கட்ட எவருக்கும் வழியில்லை. கட்டடக்கலைஞர்கள் வரைந்து முன்னர் கட்டப்பட்ட நல்ல வீடுகளையாவது பொதுமக்கள் பார்க்கட்டும் என்று ஆர்வலர் சிலர் ஒரு சுற்றுலாவை ஒழுங்குசெய்தனர். பெற்றோல் இல்லாததால் எல்லோரும் சைக்கிளில். பட்டப்படிப்பை முடித்து, அகதி முகாமொன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நானும் சேர்ந்துகொண்டேன். இடிபாடுகளையே பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு, யோசித்துக் கட்டிய ஒன்றைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

மானிப்பாயில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு அரியாலைக்கு வந்தோம். அழகான வீடுதான், மறுக்க மாட்டேன். நடுமுற்றத்தில் விழுந்த வெளிச்சம் சுற்றியிருந்த அறைகள் அனைத்துக்கும் போதுமானதாக இருந்தது. முற்றத்தில் புதுமணல் பரப்பி, குரோட்டன் சாடிகளை வட்டமாக அடுக்கியிருந்தார்கள். எங்களை அழைத்து வந்தவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், வீட்டுக்காரரின் உறவினர். வீட்டுக்காரர் லண்டனில்.

"உந்த முற்றத்தை விட்டிட்டு அவர் அங்கை எப்பிடி நித்திரை கொள்ளுறார்?" என்று எங்களுடன் வந்த ஆசிரியர் ஒருவர் பகிடி விட்டார்.

பொறியியலாளர் சிரிக்கவில்லை. "அவர் வருவார். வரேக்கை வீடு பிளானிலை கீறின மாதிரியே இருக்கவேணும்."

தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பெண், கால்கள் இயங்காத தன் மாமியாரை நாற்காலியில் இருத்தி, அருகே குந்தியிருந்தார். குருநகரில் ஷெல்லடிக்குத் தப்பி வந்தவர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் அங்கே குடியிருந்தார்கள். கணவர் பிள்ளைகளுடன் மாதா கோவிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போயிருந்தார். வந்தவர்கள் போகும்வரை முன்பக்கம் வரக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கொடியில் கிடந்த உடுப்புகளும் மீன்வலையும் குளியலறைக்குள் ஒளிக்கப்பட்டிருந்தன. ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன்.

"மாட்டம் எண்டால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவினம், பிள்ளை. மாமியையும் தூக்கிக்கொண்டு எங்கை போறது?"

அப்போதுதான் குண்டுபோடும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. அந்த ஒலி கேட்டால் யார் வீடாயினும் அதன் பதுங்குகுழியைத் தேடிக் கால்கள் தாமாக ஓடும். முற்றத்தில் நின்றவர்கள் வாழைகளுக்குள் ஓடினார்கள்; கிணற்றடியைச் சுற்றினார்கள்; திரும்பவும் முற்றத்துக்கே வந்தார்கள். பங்கர் எங்கே என்று ஆசிரியர் கத்தினார்.

அந்தப் பெண் வாசலில் நின்று பதில் சொன்னார். "நீங்கள் நிக்கிற இடந்தான், ஐயா. மூடச் சொன்னவை. நேற்று மூடிப்போட்டம்."

எல்லோரும் பொறியியலாளரைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணும் நானும் நாற்காலியோடு கிழவியைத் தூக்கி மாடிப்படியின் கீழே வைத்து, அவர்மேல் கவிழ்ந்துகொண்டோம். குண்டு விழுந்தபோது கண்ணாடிகள் அதிர்ந்தன. கிழவி என் கையை இறுகப் பிடித்தபடி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தது கடல்நீரேரிப் பக்கம் விழுந்தது. பிறகு வானம் அமைதியானது. எங்களில் எவருக்கும் காயமில்லை.

தாயின் நாற்காலியை இறக்குவதற்கென்றே அந்தப் பெண்ணின் கணவர் அந்தக் குழியைச் சரிவாக வெட்டியிருந்தாராம். மேலே போட்டிருந்த பனங்குற்றிகள் சமையலறைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. இதை அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருக்கையில் பொறியியலாளர் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு வந்தார். கடவுள் காப்பாற்றினார், இன்னும் ஒரு வீடு இருக்கிறது, வெயிலேற முதல் வெளிக்கிடுவோம் என்றார்.

"குழியை மூடின மண்ணை அள்ளி வெளியிலை போட்டிட்டுப் போவம், ஐயா" என்றேன்.

"அது அவையின்ரை வேலை. பின்னேரம் செய்வினம்."

"பின்னேரம் வரைக்கும் பொம்மரை நிக்கச் சொல்லி ஆர் சொல்லுறது? நீங்களோ?" என்றார் ஆசிரியர். அதற்குள் முதலாவது சாடியைத் தூக்கிவிட்டிருந்தார்.

சிலர் தங்கினோம். மற்றவர்கள் அவர் பின்னே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். கோவிலிலிருந்து பிள்ளைகளுடன் ஓடிவந்த கணவர், முற்றத்தில் மண்ணோடு நின்ற எங்களைப் பார்த்தார்; மண்வெட்டியை எடுத்தார். குழி திறந்து, குற்றிகள் மீண்டும் மேலே ஏறும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

அந்தப் பொறியியலாளர் கெட்டவர் அல்லர் என்று பலர் எனக்குச் சொன்னார்கள். இருக்கலாம். ஒரு காலைநேரக் காட்சிக்காக ஒரு குடும்பத்தின் உயிர்க்காப்பை மூடச் சொல்வதற்குக் கெட்டவராக இருக்கவே தேவையில்லை என்பதுதான் என் கோபம் இன்றுவரை ஆறாததற்குக் காரணம். குறி தவறிய குண்டுதான் அன்று அவருடைய நல்ல பெயரையும் காப்பாற்றிக் கொடுத்தது.

அந்தச் சுற்றுலாவின் மூன்றாவது வீட்டை நான் பார்க்கவில்லை. அதன் பிறகு, எவ்வளவு பேர்போன வீடாயினும், அங்கே குடியிருப்பவர் வாசலில் நின்று வாருங்கள் என்று சொல்லாமல் நான் உள்ளே கால் வைப்பதில்லை.