நின்றால் வரும் ஆங்கிலம்

இங்கே லீட்ஸில், வகுப்புக்குள் ஆசிரியர் வந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. ஊரிலிருந்து வாசிக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, மாலை ஆங்கில வகுப்புக்குப் போன முதல் நாளே நான் மட்டும் எழுந்து நின்றேன். "ஆர் யூ லீவிங்?" என்று ஆசிரியை பதறிப்போய்க் கேட்டார். "குட் ஈவினிங், மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. நாற்பது வயதில் வினைச்சொல்லின் சரியான வடிவத்தைப் படிக்க வந்தது ஆசைக்காக அல்ல. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் நானும் மனைவியும் மகளும் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க முடியும்.

ஆவுடையார்கோவில் பக்கம் நான் படித்த பள்ளியில் ஆங்கில வகுப்பென்றால் எல்லோரும் நிற்க வேண்டும். சார் "கோ" என்பார். "வென்ட், கான்" என்று சொன்னவன் உட்காரலாம். தெரியாதவன் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டியதுதான். பெரும்பாலும் கடைசிவரை நின்றவன் நான். அதனாலோ என்னவோ, என் ஆங்கிலம் நின்றால் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. வீட்டிலும் அடுப்படியில் நின்றபடிதான் பயிற்சி. மனைவி செல்விக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிட்டு உக்காந்துதான் பேசுங்களேன். ஒங்க சாரு பெரம்போட ஆவுடையார்கோவில்லேர்ந்து பிளேன் ஏறி வந்துட்டாரா?"

தேர்வன்று என் எதிரே வயதான ஓர் அம்மையார். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "யெஸ்டர்டே ஐ கோ... ஐ கோயிங்..." அதற்குமேல் நாக்கு அசையவில்லை. மகள் முகம் கண்முன் வந்தது. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். வெட்கத்தை விட்டு, நிற்கலாமா என்று கேட்டேன். முதுகுவலி என்று நினைத்துக்கொண்டார் அவர். "ஓ, யுவர் பேக்!" என்று சொல்லி, எனக்குத் துணையாகத் தானும் எழுந்து நின்றார். முதுகுவலி இல்லை என்று நான் திருத்தப் போகவில்லை.

"யெஸ்டர்டே ஐ வென்ட் டு தி மார்க்கெட் வித் மை டாட்டர். வீ பாட் ஃபிஷ். நாட் லைக் கட்டுமாவடி ஃபிஷ்" என்று எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரையும் இழுத்துக்கொண்டு தொடங்கியவன் நிறுத்தவேயில்லை. பேருந்து நிறுத்தத்தில் பார்த்துக்கொண்ட ஊர்க்காரர்கள்போல இருவரும் நின்றே பேசி முடித்தோம். தேறிவிட்டேன். அந்த அம்மையாரை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது.

போன வாரம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எங்களுக்கும் குட்டி நாற்காலிகள்தான். அவளுடைய ஆசிரியை உள்ளே வந்ததும் என் கால்கள் தாமாக எழுந்தன. மகள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உக்காருங்க. இங்க யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

அவளுக்காக உட்காரத்தான் பார்த்தேன். ஆனால் வந்தவர் ஆசிரியை ஆயிற்றே. முழுதாக எழவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.