எட்டாம் எண் இல்லாத ஃபோல்டர்

காந்தி மார்க்கெட்டில் தக்காளிக்காரர் கேட்காமலே ஒரு கட்டு கொத்தமல்லியை என் பைக்குள் போட்டால், வாங்கிய தக்காளியை அங்கேயே கொட்டி ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன். கொசுறு தாராளமாக வந்தால் அடியில் அழுகல் இருக்கிறது என்பது என் எண்ணம். "காலையில வந்த சரக்குண்ணே" என்பார் அவர். "அப்படியா" என்பேன். அந்த "அப்படியா"வில் நம்பிக்கை துளிக்கூட இருக்காது, அது அவருக்கும் தெரியும். என் மனைவி என்னோடு மார்க்கெட்டுக்கு வருவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து, "நம்ம வேலையைக் கம்ப்யூட்டரே செய்யுற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் இருக்குண்ணா, ஃப்ரீதான்" என்றாள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, தில்லை நகரில் ஒரு மாடி ஆபீஸுக்குப் போகிறேன். இன்னும் கட்டாத வீடுகளை, கட்டி முடித்து ஆட்கள் குடியிருப்பதுபோல் படமாகச் செய்து பில்டர்களுக்குக் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் இந்தப் படங்களை முழுசாகத் தராது. கட்டடம் தனி, ஆட்கள் தனி, வானம் தனி என்று துண்டு துண்டாகத்தான் தரும். ஒவ்வொன்றும் மகா கனமான ஃபைல். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைச் சரிசெய்து, சாதாரண போட்டோவாக மாற்றுவது என் பொறுப்பு. இருபது படம் என்றால் இரண்டு நாள் பிடிக்கும். பதினோரு வருடமாகக் கையால் செய்துகொண்டிருந்தேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குமுன் சென்னையில் இதே வேலை செய்தவள். ஐந்து வயது மகள் இங்கே மேலப்புதூரில் பாட்டி வீட்டில் வளர்ந்தாள். மகளோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்றே திருச்சிக்கு வந்திருந்தாள். இங்கே வேலை நிரந்தரமாகாவிட்டால் மறுபடி சென்னைதான் என்று முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தாள். அதை எதற்கு என்னிடம் சொல்கிறாள் என்று அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"யார் எழுதினது இது?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. யாரோ எழுதி நெட்ல போட்டிருக்காங்க. ஃபோல்டரைக் காட்டினா போதும், எல்லாப் படத்தையும் அதுவே அடுக்கி மாத்திக் குடுத்துடும்."

"காசு வாங்காம எதுக்குக் குடுக்குறான்?"

"சும்மாதாண்ணா. நாலு பேருக்கு உதவட்டும்னு."

"அப்படியா" என்றேன்.

அன்றைக்கு அதை இயக்குவதற்கு முன்னால் இன்டர்நெட் வயரைப் பிடுங்கி வைத்தேன். நம் படங்களை அது யாருக்கும் அனுப்பிவிடக் கூடாதே. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது, எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆறு படங்கள். நான் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் ஆறும் தயாராகிவிட்டன. நான் கையால் செய்து வைத்திருந்த அதே ஆறையும் பக்கத்தில் போட்டு, பெரிதாக்கி, மூலை மூலையாக ஒப்பிட்டேன். ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. என் படங்களில் மர இலைகளின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று எப்போதும் நிற்கும். அதன் படங்களில் அந்தக் கோடு இல்லை.

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன். முக்கால்வாசி புரியவில்லை. புரிந்த கால்வாசியை அவளிடம் பெருமையாகச் சொன்னேன்: "இது ஃபைல் பேர்ல இருக்கிற நம்பரை வெச்சுத்தான் ஜோடி சேர்க்குது. ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு."

"ஆமாண்ணா. நம்பர் சரியா இருந்தா போதும்" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. இரண்டு நாள் வேலை ஒரு டீ நேரத்தில் முடிகிறது என்றால், அந்த இரண்டு நாளும் எனக்கு எதற்குச் சம்பளம் என்று முதலாளி ஒருநாள் யோசிப்பார். அந்தப் பெண் அதற்காகத்தான் இதைக் கொண்டுவந்தாளோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஸ்ரீரங்கத்து அபார்ட்மென்ட் வேலை வந்தது. ஆற்றைப் பார்த்த கட்டடம், இருபத்து நான்கு படங்கள். கட்டடப் படங்கள் என் பொறுப்பு, ஆட்கள் அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலை பில்டரிடம் காட்டவேண்டும். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பதால் அதற்குள் கிளம்பிவிட முதலாளி துடித்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்கிரிப்டை ஓட்டி முடித்தாள். முதலாளி எங்கள் பின்னால் நின்றபடி முதல் ஐந்து படங்களைப் பார்த்தார். "பிரமாதம்" என்று சொல்லி, பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மிச்சப் படங்களை நான் பார்த்திருக்கலாம். பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு முறை பார்க்கிறவன், வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன், அன்றைக்குப் பார்க்கவில்லை. ஏதாவது தப்பாகப் போகட்டும் என்று மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பதினொன்றரைக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. அவர் கத்தியது பக்கத்து மேஜைவரை கேட்டது. பில்டர் குடும்பத்தோடு உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்திருக்கிறார். ஏழு படம் வரை நன்றாக இருந்ததாம். அதற்குப் பிறகு சமையலறையில் ஒரு குழந்தை நீச்சல் உடையில் நிற்கிறது. பால்கனிக்கு வெளியே அந்தரத்தில் ஒரு பெண் யோகா செய்கிறாள். மொட்டைமாடியிலிருந்து ராஜகோபுரத்தைச் சேவிக்கவேண்டிய வயதான தம்பதி, பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் குளியலறைக்குள் நின்று வெஸ்டர்ன் டாய்லெட்டைக் கைகூப்பிக் கும்பிடுகிறார்கள். பில்டரின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

முதலாளி ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க இதெல்லாம்?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் சார், ஓசில வர்றதை நம்பக் கூடாதுன்னு" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் முன்கூட்டியே தயாராக இருந்தது.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "கண்டதையும் நெட்லேர்ந்து எறக்கி என் பொழப்புல மண்ணைப் போடுறியாம்மா? திங்கக்கிழமையிலேர்ந்து வரவேணாம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாத டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மணிவாக்கில் அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த ஸ்கிரிப்டின் குட்டு என்ன என்று கண்டுபிடித்து முதலாளியிடம் காட்டும் உத்தேசம். திரையைத் தட்டியதும் ஒரு சின்னக் குறிப்பு ஏற்கெனவே திறந்து கிடந்தது. ஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்ததும் தானே எழுதி வைக்கிற குறிப்பு அது. இரண்டே வரி: எட்டாம் எண்ணுக்குக் கட்டடப் படம் கிடைக்கவில்லை. இருபத்தைந்தாம் எண்ணுக்கு ஆட்கள் படம் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை படித்தேன்.

எங்கள் ஆபீஸில் எட்டு கிடையாது. முதலாளிக்கு எட்டு ஆகாது. அவர் கார் எண்ணைக் கூட்டினால்கூட எட்டு வராது. நான் சேர்ந்த முதல் வாரமே, எட்டாவது படத்துக்கு ஒன்பது என்று பேர் வைக்கச் சொல்லிவிட்டார். பதினோரு வருடப் பழக்கத்தில் என் கை தானாகவே ஏழுக்கு அப்புறம் ஒன்பது போடும். இருபத்து நான்கு படம் என்றால் கடைசிப் படத்தின் எண் இருபத்தைந்து. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் எல்லோரையும்போல ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை வரிசையாகப் போட்டிருந்தாள். அதுவரை வந்ததெல்லாம் ஆறு படம், ஏழு படம் என்று சின்ன வேலைகள். அதனால் தப்பித்துக்கொண்டிருந்தோம். எட்டுக்குப் பிறகு என் குளியலறையும் அவளுடைய மொட்டைமாடியும் ஒரே எண்ணில் வந்து நின்றுவிட்டன. ஸ்கிரிப்ட் செய்து தந்த ஃபோல்டரில் எட்டு இல்லாதது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை, அது எங்களுக்கு என்றைக்கும் இல்லாததுதானே.

ஸ்கிரிப்டில் ஒரு தப்பும் இல்லை. என்ன குறை என்று எழுதிக்கூட வைத்திருந்தது.

அந்தக் குறிப்பை அவள் திறந்திருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. போன் வந்ததற்கும் முதலாளி திரும்பி வந்ததற்கும் நடுவில் பார்த்திருக்கவேண்டும். பார்த்துவிட்டு ஏன் வாயைத் திறக்கவில்லை? என் புத்தி உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. போட்டோ எடுத்து வைத்திருப்பாள். முதலாளிக்கு அனுப்பப் போகிறாள். சமயம் பார்க்கிறாள். சனிக்கிழமை முழுக்க போன் மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் தக்காளியைப் புரட்டிப் பார்க்காமலே வாங்கி வந்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டாள்.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் சொன்னேன். மனசாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அவள் சொல்வதற்குமுன் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் முழுசாகக் கேட்டுவிட்டு மேஜையில் ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களா? எட்டு! நான் என்ன சொன்னேன்? அந்தப் பொண்ணு எட்டுன்னு பேர் வெச்சா எப்படி வெளங்கும்?" அவருக்கு என் மேல் கோபமே வரவில்லை. தன் நம்பிக்கை நிரூபணமான சந்தோஷத்தில் இருந்தார். "சரி, நீங்களே ஒரு போன் போட்டு வரச் சொல்லிடுங்க. புதுசுதானே, தெரிஞ்சிருக்காது."

மாடிப்படியில் நின்று போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன், என் தப்புதான் என்றேன், நாளைக்கே வந்துவிடுங்கள் என்றேன்.

"இல்லண்ணா. பழைய கம்பெனில சனிக்கிழமையே கேட்டுட்டேன். புதன்கிழமை சேரச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் கிளம்புறேன்."

"பாப்பா?"

"அம்மாகிட்டதான் இருப்பா. பழகினதுதானே."

பின்னால் அந்தக் குழந்தை எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தக் குறிப்பைப் பாத்தீங்கதானே? அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல?"

"மூணு மாசம் வந்தவ சொன்னா அவர் நம்புவாராண்ணா? நீங்க சொல்வீங்கன்னுதான் நின்னேன். நம்பரை வெச்சுத்தான் சேர்க்குதுன்னு எனக்கே சொன்னவரு நீங்க. எதையும் ரெண்டு தடவை பாக்குறவரு. நீங்க பாக்காம இருந்திருப்பீங்களா? தெரிஞ்சேதான் பேசாம இருக்கீங்கன்னு புரிஞ்சுது. அதான் கிளம்பிட்டேன்."

"ஐயோ, இல்லம்மா. சத்தியமா எனக்கு அப்பத் தெரியாது. மூணு மணிக்குத்தான் பாத்தேன்."

பின்னால் குழந்தையின் அழுகை நின்றிருந்தது.

"அப்படியாண்ணா" என்றாள்.