பிளாஸ்க் மூடியில் பால்

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்த நமசிவாயம் ஒன்பது வருடமாகப் பாலைத் தொடவில்லை. வெறுந்தேத்தண்ணிதான். மனைவி போன துக்கத்தில் மனுசன் ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறது என்று ஊர் தானாகவே ஒரு காரணம் கட்டிவிட்டது. காரணம் கட்ட எங்கள் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? அவரும் மறுக்கவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. நாளடைவில் அந்தப் படலையைத் திறந்து உள்ளே போவாரும் இல்லை.

நடந்தது வேறு. எண்பத்துநாலாம் ஆண்டு மனைவி ஞானாம்பிகைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பது தெரியவந்தது. வயிற்றை வெட்டாமல் வாய்வழியே குழாய் விட்டு எடுக்கலாம், ஆனால் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். அங்கே தமிழரைத் தேடி அடித்த கலவரம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரயிலில் இரண்டு பேரும் வாய் திறக்காமல் ஒருவர் கையை மற்றவர் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்கள்.

கல் நல்லபடியாக வந்துவிட்டது. இந்த வைத்தியத்துக்குப் பிறகு சிலருக்குக் கணையம் வீங்கும், அதைத் தவிர்க்க விடியும்வரை வாயில் ஒன்றும் படக்கூடாது என்று தாதி சிங்களத்தில் சொன்னதை, வாட்டில் வேலைசெய்த ஒரு தமிழர் விளங்கப்படுத்தினார். நமசிவாயம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் பாலோடு இருந்து பழகியவளுக்கு ஒரு நாள் எம்மாத்திரம் என்று நினைத்தார். பின்னேரம் அவள் தொண்டை காய்கிறது என்றதும், வெள்ளவத்தைச் சொந்தக்காரர் அவருக்கென்று கொடுத்துவிட்ட பாலைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். விரதக்காரருக்குப் பால் சாப்பாடா என்ன?

பொழுதுபடும்போது மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகுவரை குத்தி இழுத்தது. கணையம் வீங்கிவிட்டது என்றார்கள். ஏதாவது கொடுத்தீர்களா என்று வைத்தியர் கேட்டபோது இல்லை என்றுவிட்டார். ஒன்பதாம் நாள் ஞானாம்பிகை கண்ணை மூடினாள். சாம்பலோடு ஊர் திரும்பிய மனுசன், தான் ஒரு கொலைகாரன் என்று முடிவுகட்டி, பாலை விடுவதென்ற தண்டனையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டார். பாவி மனுசன், ஒரு வார்த்தை யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

தொண்ணூற்றுமூன்றில் மண்வெட்டி காலில் பட்டு, மருந்து கட்டப் பண்டத்தரிப்பு டிஸ்பென்சரிக்குப் போனார். டொக்டர் பராசக்தி கைராசிக்காரி, பொறுமையும் உண்டு. ரத்தம் போயிருக்கிறதே, பால் முட்டை சாப்பிடுகிறீர்களா என்று அவள் சும்மா விசாரித்ததுதான் தாமதம், ஒன்பது வருடத்துக் கதையும் அவர் வாயிலிருந்து கொட்டிவிட்டது. கடைசியில், தான் அந்தப் பாலைக் கொடுக்காவிட்டால் அவள் இருந்திருப்பாளா என்று கேட்டார்.

"ஐயா, உது பாலாலை வந்ததெண்டு ஒருதராலும் சொல்லேலாது. ஒண்டும் குடுக்காமல் வைக்கிறது ஒரு காவலுக்குத்தான். அப்பிடி இருந்த ஆக்களுக்கும் வந்திருக்கு. அதை வராமல் தடுக்க நிச்சயமான மருந்து இண்டைக்கும் எங்களிட்டை இல்லை."

அதைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்க வேண்டும்; இறங்கவில்லை. காலில் துணியைச் சுற்றிக்கொண்டே, பாலைக் குடித்துவிட்டு அந்த அம்மா என்ன சொன்னா என்று டொக்டர் கேட்டாள்.

இத்தனை வருடமும் அவருக்கு அந்த மூடியும் தன்னுடைய கையும்தான் நினைவில் நின்றன. ஞானாம்பிகையின் முகத்தை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"பாதியைக் குடிச்சிட்டு மிச்சத்தை நீட்டினவ, பிள்ளை. 'நீங்களும் காலமையிலை இருந்து வெறுவயிறு, குடியுங்கோ' எண்டவ. நான் வாங்கேல்லை."

 அதுவரை அவர் அழுததெல்லாம் தன் குற்றத்துக்காக. ஞானாம்பிகை இல்லையே என்று அவர் முதன்முதலாக அழுதது அந்த டிஸ்பென்சரி வாங்கில் உட்கார்ந்தபடிதான்.